கேபிள் இல்லாத பெடல்

கேமி நகரில் மைனஸ் இருபத்தாறு.
கடற்கரை எது, கடல் எது என்று
உழுது போன டிராக்டர் தடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.
கதவிடுக்கில் பழைய கம்பளத்தைத் திணித்துவிட்டு
இல்போவின் காரில் இன்டேக்கைக் கழற்றினேன்.
ஒற்றைத் தொண்டை.
இருபது வருஷமாக நாலு சிலிண்டருக்கும்
ஒரே வாசலில் நின்று காற்றைப் படியளந்தது.

இனி ஆளுக்கொரு வாசல்.
நாலு த்ராட்டில் பாடி, வரிசையாக,
ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும்
காசு போல ஒரு பித்தளைத் தகடு.
இதுவரை சுலபம். போல்ட் போட்டால் உட்கார்ந்துவிடும்.
சிக்கல் காலில் இருக்கிறது.

இந்தக் காரில் காலுக்கும் காற்றுக்கும் நடுவே
கேபிள் கிடையாது.
பெடலை மிதிப்பது ஒரு மனு.
பெட்டி அதைப் படிக்கும், தனக்குச் சரியென்று பட்டால்
ஒரு மோட்டாரிடம் சொல்லும், இவ்வளவு திற என்று.
பாதத்தில் படும் அந்த எதிர்ப்புகூட
வெறும் ஸ்பிரிங்.
மறுமுனையில் யாரும் இல்லை.

"கேபிள் போட்டுவிடலாமே, ஒரு நாள் வேலை" என்றேன்.
இல்போ வலது கால்சட்டையைச் சுருட்டி
முழங்காலுக்குக் கீழே இருந்த கார்பன் குழாயைத்
திருப்புளியால் தட்டினான்.
"இதன் மறுமுனையிலும் யாரும் இல்லை."

காகித ஆலையின் உருளை, ஆறு வருஷம் முன்பு.
அதற்கு மேல் அவன் சொன்னதில்லை.
பெடலின் சென்சாரைக் கழற்றி
ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு வளையத்தில் வைத்தேன்,
விரல்கள் போய்ச் சேரும் தூரத்தில்.

முதல் நாள் மோட்டார் மறுத்தது.
நாலு பாடியில் நாலு ஸ்பிரிங்,
நாலும் மூடு மூடு என்று இழுக்க,
ஒரு தகட்டுக்குப் பழகிய சின்ன மோட்டார்
பாதி தூக்கி, நடுங்கி, விட்டுவிட்டது.
மஞ்சள் விளக்கு.
ஆயிரத்து இருநூறைத் தாண்டாமல்
எஞ்சினைக் கட்டிப்போட்டது பெட்டி.

இரண்டு ஸ்பிரிங்கை எடுத்தேன். இரண்டை விட்டேன்:
ஒன்று உடைந்தால் இன்னொன்று மூட வேண்டும்.

இரண்டாம் நாள், மறுபடி மஞ்சள்.
தகட்டின் தண்டில் இரண்டு சென்சார்கள்.
ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும்,
கூட்டினால் எப்போதும் ஐந்து வோல்ட்.
ஒரே குரலில் பேசும் சாட்சிகளைப் பெட்டி நம்பாது.
என் விவாகரத்து நடந்த கோர்ட்டில்
அப்படி ஒரு பெட்டி இல்லை.
சாட்சிகள் இருவரும் சரியாகத்தான் சொன்னார்கள்.
ஏழு கேட்டால் ஐந்தில் நின்றது தகடு.
இணைப்புக் கம்பியின் மூட்டில் ஒரு மயிரிழை ஆட்டம்.
மூட்டை மாற்ற ஐந்து நிமிடம்.
கண்டுபிடிக்க ஒன்பது மணி நேரம்.

பிறகு ஒவ்வொரு வாயிலும் காற்றளவியை வைத்து
மெர்வி எண்களைக் கத்த,
நான் திருகாணியைத் திருப்பினேன்.
நாலரை. நாலரை. ஐந்து. மூன்றரை.
ஐந்தைக் குறைத்தால் மூன்றரை நாலாகிறது,
நாலைத் தூக்கினால் முதலாவது கோபித்துக்கொள்கிறது.
நள்ளிரவில் நாலும் நாலரை.
மூன்றாவது மட்டும் சொல்லிவைத்தாற்போல்
அவ்வப்போது நாலே முக்கால். விட்டுவிட்டேன்.

சாவியைத் திருப்பி, எஞ்சினைத் தொடாமல்
முப்பது நொடி காத்திருக்க வேண்டும்.
பெட்டி தன் எல்லைகளைத் தானே கற்றுக்கொள்ளும் நேரம்.
யாரும் தொடாமல் நாலு தகடும்
ஒருமுறை மூடித் திறந்தன.
மெர்வி கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஏரியின் பனித்தளத்தில்
ஆணி டயர்கள்.
அவன் விரல் மடங்கிய அதே கணம்
நாலு தொண்டையும் திறந்தன.
அந்தச் சத்தத்துக்கு அக்கரைப் பைன் மரத்தில்
கொஞ்சம் பனி உதிர்ந்தது என்று மெர்வி சொல்கிறாள்.
நான் பார்க்கவில்லை,
பயத்தில் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு சுற்று. மஞ்சள் விளக்கு வரவில்லை.
திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினான்.
புருவத்தில் உறைபனி.
"எப்படி இருக்கிறது?"
"ஹீட்டர் வேலை செய்யவில்லை."

வாய்களுக்கு இடம் விட
ஹீட்டர் குழாயை நான்தான் வெட்டி மூடியிருந்தேன்.
சொன்னேன்.
யோசித்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஏழாவது சுற்றுக்குப் போய்விட்டான்.