தராசுக்கு ஒன்று

பாம்பன் தெற்குவாடியில்
நண்டு எடைபோடுகிறவன் நான்.
உச்சிப்புளியிலிருந்து விடியுமுன் பைக்கில் வருவேன்.
பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் தொங்குதராசு,
வலது மணிக்கட்டில் கருப்பசாமி கோயில் கயிறு.
அந்தக் கைதான்
தட்டுக்கு அடியில் சுண்டுவிரலைக் கொடுத்து
ஒவ்வொரு எடைக்கும் இருநூறு கிராமைத்
தாங்கிப் பிடிக்கும்.
எல்லா ஏஜெண்டும் செய்வதுதான்.
விரலுக்கே அது ஒரு வேலையாகத் தெரியாது.

ஜெரோன்மேரிக்குத் தெரிந்துவிட்டது.
எப்போது என்று எனக்குத் தெரியாது.
கால் ஒடியாமல் வலையிலிருந்து நண்டு கழற்றும் கண்
விரலையா பார்க்காது?

ஒரு செவ்வாய்க்கிழமை,
கச்சான் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருக்க,
நாலு கிலோ என்று நான் எழுதி முடித்ததும்
குழம்புக்கு ஒதுக்கிய சட்டியிலிருந்து
ஒரு நண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள்.
நல்ல நண்டு. நீலக்கால். கொடுக்கு இரண்டும் இருந்தன.
"இது எதுக்கு?"
"தராசுக்குண்ணே. பசிக்கும்ல அதுக்கு."

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.
நான் நண்டை ஐஸில் போட்டேன்.

மறுநாளும் வைத்தாள்.
அன்று பக்கத்தில் யாருமில்லை,
அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை.
அதற்கு மறுநாளும்.
வத்தை ஏறக்குறைய வெறும் வலையோடு திரும்பி
சினை நண்டுகளைக் கடலுக்கே விட்டது போக
ஒன்றரைக் கிலோ தேறிய நாளிலும்
தராசுக்கு ஒன்று.

திட்டியிருக்கலாம்.
சங்கத்தில் சொல்லியிருக்கலாம்.
வேறு ஏஜெண்டிடம் போயிருக்கலாம், அவனுக்கும் விரல் உண்டு.
ராத்திரி படுத்தால்
ஐஸ் பெட்டிக்குள் ஒரு நண்டு மட்டும் சாகாமல்
பிறாண்டுகிற சத்தம்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கேட்டேவிட்டேன்.
கோயிலில் திருந்தாதி மணி அடித்து ஓய்ந்திருந்தது.
"குத்திக் காட்டுறியாம்மா?"

அவள் வலை ஊசியைக் கீழே வைக்கவில்லை.
"மொத நாளு ஆமாண்ணே.
கோவத்துலதான் வச்சேன்.
எல்லாரும் சிரிச்சாங்கள்ல, நல்லா இருந்துச்சு.
வீட்டுக்குப் போயி செபமாலைய எடுத்தா
கை ஓடல.
மறுநாளு, நெசமாவே குடுத்துருவோம்னு வச்சேன்.
நீங்களா எடுத்தா களவு.
நான் குடுத்துட்டா இல்லேல்ல.
உங்க பேர்ல அது நிக்க வேணாம்னு..."
நிறுத்திக்கொண்டாள். பிறகு,
"எல்லா நாளும் மனசு வராதுண்ணே.
வராத நாள்ல சின்ன நண்டா வைப்பேன்."

பதில் தெரியாமல் ரயில் பாலத்தைப் பார்த்தேன்.
பாலத்தில் ரயில் இல்லை.

அவள் கழுத்து உத்தரியம் வியர்வையில் ஒட்டியிருந்தது.
நான் அவள் கோயிலுக்குள் போனதில்லை.
அவளும் வா என்றதில்லை.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை.
இரண்டு வாரம் அவளுக்கு மட்டும் விரலை எடுத்தேன்,
மற்றவர்களுக்குக் கொடுத்தேன்.
அது இன்னும் அசிங்கமாக இருந்தது.
அப்புறம் ஒரு காலை, சூசைராஜ் கூடையை மாட்டியபோது
விரல் பாதி வழியில் நின்றுவிட்டது,
ஐஸில் விறைத்ததுபோல.
தட்டு தன் முழு பாரத்தோடு இறங்கியது.
அவர் முள்ளைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்,
என்னைப் பார்க்காமல்
"இன்னிக்கு நண்டு கனம்" என்றார்.

மாசக் கடைசியில் மண்டபம் கம்பெனி மேனேஜர்,
"உன் ஷெட்டுல மட்டும் கூடுதலே விழலியே?"
"கடல் எளச்சுப் போச்சு சார்" என்றேன்.
பொய்தான்.
இந்த ஒன்றை அவளிடம் சொல்லவில்லை.

நேற்றும் எடை முடிந்ததும்
சட்டிக்குள் அவள் கை போனது.
"வேணாம்மா. அதுக்கு வயிறு சரியில்ல."
நின்று, முள்ளைப் பார்த்தாள்.
தட்டுக்கு அடியில் குனிந்தும் பார்த்தாள்,
அவ்வளவு எளிதில் நம்புகிறவள் இல்லை.
நண்டைச் சட்டியிலேயே போட்டு
மூடிமேல் ஒரு கல்லை வைத்தாள்.
"அப்ப இன்னிக்குக் கொழம்புக்கு ஆச்சு."