விசில் வராத குக்கர்

தோஹாவிலிருந்து நாத்தனார் கொண்டுவந்தது.
ஒரு வருஷம் பரணில் கிடந்தது,
வயிற்றில் சின்ன வெங்காயத்தோடு.
விசில் வராத குக்கர் என்ன குக்கர் என்றார்
மாடிவீட்டு ஜெபக்கனி அக்கா.
எங்கள் காம்பவுண்டில் விசிலை எண்ணித்தான்
யார் வீட்டில் பருப்பு, யார் வீட்டில் கறி என்று
தெரிந்துகொள்வார்கள்.

விசில் வராததால்தான் அதை இறக்கினேன்.

சோலைமலை ஓட்டுவது கோயம்புத்தூர் பஸ்.
ராத்திரி ஒன்பதரைக்கு ஆரப்பாளையத்தில் எடுத்தால்
திரும்பி வந்து படுக்கக் காலை ஒன்பது.
நான் ஆறேகாலுக்கே கிளம்பிவிடுவேன்.
கே.கே. நகர் லேப் வாசலில்
வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள்,
சட்டைக் கையைச் சுருட்டியபடி.
அவர் தூங்கும் வீட்டில்
மூன்று விசில் என்பது மூன்று அடி.

அதனால் ஐந்தரை மணிக்கு
எலும்பில்லாத கோழி அரைக் கிலோ,
பத்துப் பல் பூண்டு, நசுக்கி.
வெங்காயம். ஒரு கை காளான்.
மிளகு கொஞ்சம் தாராளமாக,
காரம் இல்லையென்றால் அவருக்கு அது பத்தியச் சோறு.
தண்ணீர் ஒரு தம்ளர். மூடி. லோ.
சிவப்பு விளக்கு எரிந்ததும் செருப்பை மாட்டினேன்.

பாலும் க்ரீமும் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன, சாயங்காலத்துக்கு.
பகலெல்லாம் ஊரார் கொழுப்பை
எண்ணில் எழுதுகிறவள் நான்.
க்ரீம் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது மட்டும்
எந்த எண்ணும் ஞாபகம் வருவதில்லை.

பதினொன்றரைக்கு
வடை மடித்து வந்த காலைப் பேப்பரில்,
எண்ணெய்க் கறைக்கு நடுவில்,
இன்று மின்தடை. பத்து முதல் இரண்டு வரை.
வரிசையாகத் தெருக்கள்.
நாலாவது வரி எங்கள் தெரு.

வெதுவெதுப்பில் நாலு மணி நேரம் கிடக்கும் கறியில்
என்ன வளரும் என்று எனக்குத் தெரியும்.
கண்ணாடித் தகட்டில் தினமும் பார்க்கிறேன்,
பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம்.
போனை எடுத்தேன்.
அடித்தால் எழுந்துவிடுவார்.
வைத்துவிட்டேன்.
போகட்டும், அரைக் கிலோ கோழிதானே.

ஆறே முக்காலுக்கு மாடிப்படியில் ஜெபக்கனி அக்கா:
"தம்பி பத்து மணிக்கே முழிச்சிட்டாப்ல.
ஃபேன் நின்னுருச்சுல்ல.
அப்புறம் அடுப்புப் பக்கமேதான் நின்னாப்ல."

உள்ளே, பனியனோடு, அவர்.
"இவன் விளக்கும் அணைஞ்சிருந்துச்சு.
குண்டாவுல மாத்தி கேஸ்ல வச்சேன்.
கரண்ட் வந்ததும் திரும்ப இவன்கிட்டயே ஊத்திட்டேன்."
கேஸில் அரை மணி போதுமே, ஏன் நாலு மணி நேரம்?
"மெதுவா வேகணும்னு நீதான சொன்ன?"

நாலு மணி நேரம் சிம்மில்,
தண்ணீர் சுண்டச் சுண்ட ஊற்றி,
இந்த மனுஷன்.
மூடியைத் திறந்தேன். கோழி நூல் நூலாக இருந்தது.
குக்கரில் சிவப்பு விளக்கு.
அவர் கண்ணிலும்.

திண்டுக்கல் தாண்டி லாரிகள் வரிசைகட்டும் ரோடு.
நாற்பது பேர் பின்னால் தூங்குவார்கள்,
இவர் முழித்திருப்பார் என்று நம்பி.

பாலை ஊற்றினேன், க்ரீமை ஊற்றினேன்,
பாஸ்தாவைக் கொட்டிக் கிளறி மூடினேன்.
"இருபது நிமிஷம் ஆகும். அங்கிட்டுப் போய்ப் படுங்க."
பாயைக்கூட விரிக்கவில்லை,
ஃபேனுக்கு நேர் கீழே அப்படியே சாய்ந்தார்.
வீட்டுப்பாடத்திலிருந்து தலை தூக்கிய சன்மதிக்கு
உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

இருபது நிமிஷம் ஆனது.
மூடியைத் தொடவில்லை.
நாற்பது.
சன்மதி ரஃப் நோட்டில் எழுதிக் காட்டினாள்: பசிக்குது.
இரண்டு பிஸ்கட் கொடுத்தேன்.
ஒரு மணி நேரம்.
உள்ளே பாஸ்தா பாலையெல்லாம் குடித்து
ஊதி, உருவம் விட்டு,
வெண்பொங்கலுக்கு அண்ணன் ஆகியிருந்தது.

எட்டரைக்கு எழுப்பினேன்.
எலுமிச்சை ஊறுகாய் தொட்டு இரண்டு தட்டு சாப்பிட்டார்.
"இன்னைக்கு நல்லா வெந்திருக்கு."
சன்மதி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே
சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.
"இருபது நிமிஷமா தூங்குனேன்?"

"இருபதுதான்" என்றேன்.