போன் அடிக்காத மாதம்

இந்த ஊரில் இலை உதிர்வதில்லை.
சாலையோரத்து வேம்புகள்
நகராட்சிக் குழாயில் சொட்டுநீர் குடித்து
வருடம் முழுக்க ஒரே பச்சையில் நிற்கின்றன.
ஷார்ஜாவில் பருவம் மாறியதை
நான் போனை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

ஜூலையில் அது நாளுக்கு நாற்பது தடவை அலறும்.
கூலிங் இல்லை. தண்ணீர் ஒழுகுது.
குழந்தை தூங்கல, எப்ப வருவே?
மொட்டைமாடித் தகரத்தில் மண்டியிட்டு
கேஸ் நிரப்பிய தழும்பு இரண்டு முட்டியிலும் உண்டு.
ஆகஸ்ட் கடைசியில் காவலாளி இத்ரீஸ்
விடியலில் தெற்கே கைகாட்டி
சுஹைல் வந்துவிட்டது, இனி வெயில் இறங்கும் என்பார்.
கட்டடங்களின் இடுக்கில் எனக்குத் தெரிவது
ஒரு கிரேனின் சிவப்பு விளக்குதான்.
ஆனாலும் தலையாட்டுவேன்.
நட்சத்திரத்தின் ஊர்க்காரரோடு வாதாடக் கூடாது.

பிறகு ஐப்பசியில் ஒரு காலை
சட்டை முதுகில் ஒட்டவில்லை.
சந்தில் நடக்கையில்
ஏசித் தண்ணீர் உச்சந்தலையில் சொட்டவில்லை.
போன் அடிக்கவில்லை.
முதல் நாள் பயந்தேன், வேலை போயிற்றோ என்று.
இரண்டாம் நாள் நிதானமாகச் சவரம் செய்தேன்.
மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை.

குஞ்ஞாலியின் கடையில் கரக் சாயா.
கோடையில் எல்லோரும் காருக்குள் இருந்தபடி
ஹாரன் அடித்து வாங்கிப் போவார்கள்.
இன்று நடைபாதை முழுக்க ஆட்கள்.
கோப்பையின் சூடு உள்ளங்கைக்கு வேண்டியிருக்கிறது;
மே மாதத்திலிருந்து மறந்துபோயிருந்த தேவை அது.
பக்கத்தில் நின்ற பலூச்சி டிரைவர்
ஆகாயத்தைப் பார்த்து ‘மௌசம்’ என்றார்.
‘மௌசம்’ என்றேன்.
எங்களுக்குப் பொதுவாக இருந்த ஒரே சொல்.
இரண்டு கோப்பைக்குப் போதுமாக இருந்தது.

போன வருடம் ஊர் திரும்பிய யாரோ
கட்டிலடியில் விட்டுப்போன நாவல் பையில் இருந்தது.
அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கங்கள் இல்லை.
பதினேழில் ஒரு பெண் கதவை அறைந்து சாத்துகிறாள்.
ஏன் என்று தெரியாது.
ஓரத்தில் பென்சிலால் யாரோ
‘சரிதான்’ என்று எழுதியிருக்கிறார்கள்.
அந்தக் கையெழுத்தை நம்பி
நானும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

கொர்பக்கான் பேருந்தில் ஜன்னலோரம்.
தைத் வரை மணலும் ஒட்டகங்களும்.
அப்புறம் மலைகள்,
ஒரு புல்லும் இல்லாமல் உரித்துவைத்த மலைகள்.
ஏணி கட்டிய வேனில் எத்தனையோ முறை போன பாதைதான்.
ஓட்டுகிறவனுக்கு மலை என்பது ஒரு வளைவு.
சுரங்கம் வந்தது, எழுத்து இருண்டது.
அவள் அப்போதுதான் கடிதத்தைப் பிரித்திருந்தாள்.
வரியில் விரலை வைத்துக் காத்திருந்தேன்.
வெளிச்சம் வந்து நாலு வரி நகர்வதற்குள்
அடுத்த சுரங்கம்.

கடலோரம் செருப்பைக் கழற்றிய நேரம்
போன் அடித்தது.
முவைலாவில் நாலாம் மாடி, உம் ஜாபிர்.
ஏசி பழுதா மேடம்?
இல்லையாம், நேற்றே அணைத்துவிட்டாராம்.
அணைத்த பிறகுதான் கேட்டதாம்
சுவருக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம்.
பால்கனியில், வெளிப்பெட்டியின் முதுகில்
ஒரு புறா. இரண்டு முட்டை.
எவ்வளவு நாள் இதைப் போடாமல் இருக்கலாம்?
எந்தக் கையேட்டிலும் இல்லாத கேள்வி.
மார்ச் வரைக்கும் ஒன்றும் ஆகாது என்றேன்.
‘மெதுவாகப் பேசு, பயந்துவிடும்’ என்றார்
மலைகளுக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னிடம்.
நானும் குரலைத் தாழ்த்தினேன்.

பேசி முடிப்பதற்குள்
அடையாளத்துக்கு வைத்த பயணச்சீட்டு பறந்துவிட்டது.
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
பிளாஸ்கில் இன்னும் அரைக் கோப்பை இருக்கிறது.
பதினேழிலிருந்தே தொடங்குகிறேன்.
அவள் மறுபடி கதவைச் சாத்தட்டும்.
இந்தத் தடவை
காற்று சாத்தியதாக வைத்துக்கொள்ளலாம்.