எண் 212

அமிர்திக் காட்டு வாசலில்
சுடிதாரில் ஊக்குக் குத்தி
எண் மாட்டினாள் ஒரு பெண்.
அஞ்சு கிலோமீட்டர்தான்க்கா,
நடந்தும் போகலாம்.

ராணிப்பேட்டையில் பதினோரு வருஷம்,
நாளைக்கு நூற்றிருபது ஜோடி
மேல்தோல் தைத்த கை.
கால் இன்றுதான் உள்ளே போகிறது:
இடது நாக்கு கோணல் என்று
கழித்துப்போட்ட ஜோடி.

முதல் மேட்டிலேயே மூச்சு
பாபினில் நூல் தீர்ந்த மெஷின்போல்
வெறுமனே ஓடியது.
வேர் தடுக்கியது. சருகு வழுக்கியது.
கொஞ்சம் ஓரம்க்கா என்று
லைன் சூப்பர்வைசர் ஷகீரா கடந்தாள்,
பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன்,
தொப்பை குலுங்க ஒரு போலீஸ்காரர்.

ஓடைக்கல்லில் உட்கார்ந்து
நாடா கட்டும்போது பார்த்தேன்.
அந்தக் கோணல் தையல்
பிரியவில்லை.

முடிவுக்கோட்டில்
கூடாரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு வாழைப்பழம் மிச்சமிருந்தது.