நாற்பதுக்கு ஒன்று

"புழு ஒன்று வாங்க வேண்டும்" என்றதும்
நஞ்சுண்டப்பா மருந்துக் கேனைக் கீழே வைத்துவிட்டார்.
மொட்டுத் துளைப்பானுக்கு மாதம் இரண்டு தடவை
மூக்கைக் கட்டிக்கொண்டு அடிப்பவர்.
"இருக்கிற புழு போதாதா?"
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன்:
இவ்வளவுதான் தடிமன், இரும்பு, உடம்பெல்லாம் மரை.
வார்ம் என்பார்கள். கடிக்காது.

கெலமங்கலம் தாண்டி அவருக்கு மூன்று பாலிஹவுஸ்.
ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி இடைவெளி.
அதற்குள் ஓட ஒரு வண்டி.
வண்டியின் மேல் ஒரு சாண் கை,
கையின் நுனியில் கேமரா.
இலைக்கு அடியில் செஞ்சிலந்தி இருக்கிறதா என்று
குனிந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.
நானும் நாகவேணியும் ஓசூரில்
ஒரு லேத் பட்டறையின் மாடியில் செய்துகொண்டிருந்தோம்.
மோட்டார் தீப்பெட்டி அளவு. அவசரக்காரன்.
நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று, கையில் தெம்பில்லை.
அவன் வேகத்தைப் பிடுங்கிப் பலமாக மாற்றித் தர
நடுவில் ஒருவர் வேண்டும்.

முதலில் நைலான் சக்கரம். விலை குறைவு, சத்தமில்லை.
மூன்றே வாரம்.
பனிமூட்டம் போலத் தெளிக்கும் தண்ணீரில் ஊறி
ஊதிப்போய் இறுகிக்கொண்டது,
மழைக்காலத்துக் கதவு மாதிரி.

அடுத்தது பித்தளை. பாகலூர் ரோட்டில் வாஜித் பாய்
கண்மருந்து டப்பாவிலிருந்து கொட்டிக் காட்டினார்.
"ரெட்டை மரை எடும்மா, வேகமா தூக்கும்."
எடுத்தோம். தூக்கியது. அழகாகத் தூக்கியது.
இறக்கவும் செய்தது, நாங்கள் கேட்காமலே.
சொட்டுநீர்க் குழாய்மேல் வண்டி ஏறி இறங்கும்
ஒவ்வொரு குலுக்கலுக்கும்
தலையாட்டித் தலையாட்டித் தாழ்ந்தது கை.
நானூறு படம்.
நானூறும் பச்சைக் குழம்பு.

அன்றிரவு நாகவேணி நோட்டில் கணக்குப் போட்டாள்.
மாட்யூல் அரை. பல் நாற்பது.
சக்கரம் இருபது மில்லி, புழு பத்து,
மையத்துக்கு மையம் பதினைந்து; பெட்டிக்குள் அடங்கும்.
ஒற்றை மரை என்றால் சாய்வு மூன்று டிகிரிகூட இல்லை.
"இந்தச் சாய்வில்
புழு சொன்னால் சக்கரம் கேட்கும்.
சக்கரம் சொன்னால் புழு கேட்காது."
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
எங்கள் பாங்கு மேனேஜரும் அப்படித்தான்.

சும்மா வருமா அந்தப் பிடிவாதம்.
பாதிச் சக்திக்கு மேல் உராய்வில் போகும்.
சூடாகும். கிரீஸ் கேட்கும்.
தேய்வது என்னவோ பித்தளைதான்.
வேண்டுமென்றேதான் அப்படி ஜோடி சேர்ப்பது:
மாற்ற எளிதானது எதுவோ அது முதலில் தேயட்டும் என்று.
அதையும் எழுதினாள்.
எழுதிய பிறகு கொஞ்ச நேரம் பேனாவை மூடவில்லை.

"வேகம் பாதியாப் போயிடும்" என்றார் வாஜித் பாய்.
"போகட்டும் பாய்."
ஒற்றை மரையைத் தேட அரைமணி நேரம்,
மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி வைத்து.

ஜனவரிக் கடைசி.
பிப்ரவரிப் பூவுக்காக ஊரே தூங்காத நாட்கள்,
நாங்கள் மட்டும் தூங்கிவிட்டோம்.
மூன்றாம் பாத்தியில், நடுராத்திரியில்
மோட்டாரின் பாட்டரி தீர்ந்திருக்கிறது.
விடிந்து ஓடிப்போய்ப் பார்த்தால்
கை அதே உயரத்தில்
அதே இலையின் வயிற்றைப் பார்த்தபடி.
கேமராவுக்கும் அதன் குட்டி விளக்குக்கும் தனி பாட்டரி;
அவை மட்டும் விழித்திருந்தன.

நஞ்சுண்டப்பா விரலால் அழுத்தினார்.
இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.
"எறங்க மாட்டேங்குதே."
நாகவேணி படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.
எல்லாம் தெளிவு. ஒரே இலை, ஒரே நரம்பு, ஒரே நரம்பு.
இரண்டு பத்துக்கு இலையோரத்தில் ஒரு பச்சைக் கோடு.
இரண்டு பன்னிரண்டுக்கு நடுவில்.
இரண்டே காலுக்கு மொட்டின் காம்பில்,
முதுகை வளைத்து.

"இது என் புழு" என்றார் அவர்,
கேனைத் தேடிக்கொண்டே.