கைநாட்டு

"கோடை விழா. குழந்தைகளின் கைவண்ணம்.
படம் மாலை நாலுக்குள் குழுவில் வர வேண்டும்."
மேற்பார்வையாளரின் செய்தியை
நான் பார்த்தபோது மணி பத்தே முக்கால்.
உலையில் அரிசி.
சந்தூர் மையத்தில் அன்று பதினேழு பேர்,
முப்பத்து நாலு கை.
திறந்தவை முப்பத்து மூன்று.

மஞ்சளுக்குச் சமையல் டப்பா இருந்தது.
பச்சைக்கு, போன வருஷத்துப் போஸ்டர் கலர்;
இறுகிய மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள் மாதம்மா.
ஆறு காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டினோம்.
வெள்ளைக்குப் பின்னால்
மளிகைக் கடை முருகன் மங்கலாக நின்றார்.
அடுப்புக்கரியால் ஒரு அடிமரம், நாலு கிளை.
இலைகளைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

தர்ஷிகா வைத்தாள். ஐந்து விரல், ஐந்து இலை.
சித்தி நிக்காஹ்வுக்கு வைத்த மருதாணியோடு
முபஷிரா அழுத்தி எடுத்துப் பார்த்து
"பூ வரல டீச்சர்" என்றாள்.
மறுபடி வைத்தாள். மறுபடியும் வரவில்லை.
கைக்குள் இருக்கும் பூவைத்
தாளுக்குக் கொண்டுவர எனக்கும் தெரியாது.

லக்ஷிதனின் வலது மணிக்கட்டில்
மாம்பால் பட்டு வெந்த கறுப்பு.
மண்டியில் அம்மா காய் பிரிக்கையில்
காம்பு கிள்ளி விளையாடினானாம்.
எரியும் என்று இடது கையை வாங்கினேன்.

சஷ்வின் கை நீட்டினான். மூடிய கை.
சேர்ந்த மூன்று வாரமாய் அப்படித்தான்,
தூங்கும்போதும்.
உள்ளே என்னடா என்றால் சுவரைப் பார்ப்பான்.
எனக்கும் நேரமில்லை; சாதம் குழைந்துகொண்டிருந்தது.
மூடிய கையின் ஓரத்தையே மஞ்சளில் தோய்த்து
கிளைக்குக் கீழே வைத்து எடுத்தேன்.

அடி பருத்து, நுனி ஒடுங்கி,
மூக்கு சற்றே வளைந்து.

"பெங்களூரா!" என்று கத்தியவன் லக்ஷிதன்.
மண்டிப் பிள்ளை, ரகம் தெரியும்.

அதற்குப் பிறகு யாரும் இலையாக ஒப்பவில்லை.
பதினேழு பேரும் கையை மூடிக்கொண்டு
மஞ்சளைச் சூழ்ந்தார்கள்.
எட்டு இலைக்கு நாற்பது காய்.
"இப்படிக் காய்ச்சா கிளை முறியும்" என்று
மாதம்மா கரியெடுத்து
ஒவ்வொரு கிளைக்கும் முட்டுக் கொடுத்தாள்.

சத்துமாவு வாங்க முனிலட்சுமி வந்தாள்.
பதிவேட்டில் கட்டைவிரலை வைத்துவிட்டு
அண்ணாந்து பார்த்தாள்.
"என்ன டீச்சர்,
எம் புள்ளையையும் கைநாட்டு ஆக்கிட்டீங்க."
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
எங்கே நிறுத்துவது என்று
இருவருக்கும் தெரியவில்லை.
"அவனோடது எது?"
லக்ஷிதன் காட்டினான், மூன்று காய்.
ஒன்றை இன்னொருத்தி தன்னுடையது என்றாள்.
ஈரம் காயாத நீல விரலை
அந்தக் காயின் மேலேயே வைத்தாள் முனிலட்சுமி:
"வண்டில்லாத மரமா?"
பத்து வருஷமாக வண்டுக் காயைத்
தொட்டே ஒதுக்குகிற விரல்.

படம் எடுத்து அனுப்பும்போது நாலு பத்து.
வண்டு வராமல் எடுக்கலாமா என்று
ஒரு நிமிஷம் யோசித்தேன். வரட்டும்.
பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது,
மஞ்சளாக.
மேற்பார்வையாளரும் வைத்துவிட்டார்.

தாளை எடை பார்க்கும் தராசுக்கு மேல் ஒட்டினோம்.
மேல் மூலை மட்டும் பிரிந்து பிரிந்து விழுந்தது.
சோற்றுப் பருக்கை வைத்து அமுக்கினாள் மாதம்மா.

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
மதியம் குழாயடியில்
வரிசையாக நிறுத்திக் கழுவினேன்.
தண்ணீர் பச்சையாக ஓடி,
மஞ்சளாக ஓடி, பிறகு தண்ணீராக ஓடியது.
சஷ்வினின் மூடிய கையை
வெளியே மட்டும் தேய்த்துவிட்டேன்,
முட்டி முட்டியாக.
உள்ளே இருந்தது அவனுடையது.