ஏற்றக்கோணம்

பீரோக் கதவில் இன்னும் பெனிட்டா டீச்சர் பெயர்தான்.
ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பி நிற்கும்.
பாடவேளை இல்லாதபோது
நகத்தால் அழுத்தி ஒட்டிவைப்பேன்.
அவர் பிள்ளை பெற்றுத் திரும்பும்வரை
பத்தாம் வகுப்பு 'பி'யின் கணக்கு என் பொறுப்பு.
மாதம் பன்னிரண்டாயிரம், கையில்,
ரெவின்யூ ஸ்டாம்பில் பாதி ஏறிய கையெழுத்துக்கு.

ஏப்ரல் கடைசிவரை இருப்பேன் என்று
எழுதிக் கொடுத்திருந்தேன்.
யாரும் கேட்காமல் நானாகவே
'உறுதியாக' என்றொரு சொல்லையும் சேர்த்திருந்தேன்.

ஐப்பசி அடைமழையில் ஆணை வந்தது.
அரசுப் பள்ளி, இராதாபுரம் பக்கம்,
பட்டதாரி ஆசிரியர், கணிதம், நிரந்தரம்,
பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும்.
முப்புடாதி என்ற என் பெயரை
அரசாங்கம் முதல்முறையாகப் பிழையில்லாமல் அடித்திருந்தது.
மூன்று நாள் அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டே
பாடம் நடத்தினேன்.
நாலாம் நாள் தாளில் புளிக்குழம்பு வாடை.

தலைமையாசிரியை ரூபி தனசீலி வாசித்துவிட்டு
"சந்தோசம்மா" என்றார்.
நிஜமாகவே சந்தோசம்தான்.
அப்புறம் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
என் பழைய கடிதத்தைத் தேடினார்.
"பப்ளிக் பரீட்சை இருக்கே. நாப்பத்தொரு பிள்ளையளு.
இந்த மழைக்குள்ள நான் யாரைப் போய்ப் புடிக்கட்டும்?"

முப்பத்துநாலு வயது, ஏழு பள்ளிகள்,
ஒன்றிலும் மே மாதச் சம்பளம் கிடையாது
என்று சொல்லியிருக்கலாம்.
அவர் மேசையில் சிதறிக் கிடந்த குண்டூசிகளை
ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஸ்டாஃப் ரூமுக்கு அரைக் கிலோ அல்வா.
"கடைசியில எங்களுக்கே குடுத்துட்டியளே டீச்சர்"
என்றார் புவியியல் நவமணி.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்,
இலையில் ஒட்டியிருந்ததை வழித்தபடி.

பாதியில் நின்றது 'உயரங்களும் தொலைவுகளும்'.
வகுப்பு ஜன்னலில் ஊசிக்கோபுரம் தெரியும்.
அதன் உயரத்தை நாமே கண்டுபிடிப்போம் என்று
தீபாவளிக்கு முன்னால் வாயை விட்டிருந்தேன்.
பாகைமானி, நூல், நூல் முனையில் ஒரு பழைய நட்டு.
தரையில் தொலைவை அளந்தாயிற்று.
கோணம் பார்க்கப் போன இரண்டு நாளும்
மழை இறங்கிக் கோபுரத்தையே காணோம்.
மேலப்பாளையத்து ஜுலைகா
நோட்டில் கோணத்துக்கு நேரே
ஒரு வரி வெறுமையாக விட்டுவைத்திருந்தாள்.
"திங்கக்கிழம வெயிலடிக்கும் டீச்சர்."

திங்கள்கிழமை நான் வள்ளியூரில் பஸ் மாறிக்கொண்டிருந்தேன்.
நல்ல வெயில்.

புதுப் பள்ளியில் என் மேசையில் ஒரு பெண்
சிவப்புப் பேனாக்களை ரப்பர் பேண்டால்
கட்டிக்கொண்டிருந்தாள்.
பெற்றோர் கழகத்துச் சம்பளம், இரண்டு வருடமாக.
"நீங்கதானா" என்றாள்.
கோபம் என்று சொல்ல முடியாது.
"நேத்தோட எனக்கு முடிஞ்சிட்டு.
பீரோ சாவியக் குடுத்துட்டுப் போவோம்னு வந்தேன்.
மூணாம் பெஞ்சு சேர்மத்துரைக்குக் காது மந்தம்,
முன்னால உக்கார வச்சிக்கிடுங்க.
வட்டம் முடிச்சாச்சு.
உயரமும் தொலைவும் தொடல."
பெயர் கேட்டேன்.
வாசலில் பஸ் ஹாரன் அடித்தது,
'சகாய' என்பது மட்டும் காதில் விழுந்தது.

மறுநாள் கரும்பலகையில் கோபுரம் வரைந்தேன்.
"அது எதுக்கு டீச்சர்?"
முதல் பெஞ்சிலிருந்து சேர்மத்துரை,
ஊருக்கே கேட்கிற குரலில்,
வெளியே கை காட்டினான்.
வேலிக்கு அந்தப் பக்கம் காற்றாலை.

எல்லோரும் இறங்கிப் போனோம்.
காற்றில் நூல் நேராகத் தொங்க மறுத்தது.
பாகைமானியைக் கண்ணோடு வைத்து
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கத்தினான்:

"எது வர அளக்கணும்?
நுனி ஒரு எடத்துல நிக்க மாட்டக்கே டீச்சர்!"